கோட்டின் பின் விளிம்பு

ஆலையிலிருந்து வீடு திரும்பும் வழியில், ஊர் எல்லையில் ஒரு பலகை நிற்கிறது. ‘ரோலின் ஸ்பைவியின் ஊர் உங்களை வரவேற்கிறது’ என்று அதில் எழுதியிருக்கிறது. நாற்பத்தாறு வயதுவரை எனக்கு அது பச்சைச் சாயம் அடித்த வெறும் தகரம். நூலகத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுத்துக் கற்ற பிறகு அதைப் படிக்காமல் தாண்ட முடியவில்லை. எழுத்து தெரிந்துவிட்டால் நாம் வேண்டாமென்றாலும் கண் படித்துவிடுகிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ரோலினும் நானும் பள்ளி அணியில் அடுத்தடுத்து நின்றவர்கள். முன்வரிசையில் இடது ஓரம் அவன், அவனை ஒட்டி நான். எங்கள் ஃபுட்பாலில் காலைவிடத் தோளுக்குத்தான் வேலை. பந்து வைத்திருப்பவனிடம் எதிரி வந்து சேராமல் முட்டி நிறுத்துவது முன்வரிசைக்காரன் பிழைப்பு. பயிற்சியாளர் வாரா வாரம் தாள் தாளாக ஆட்டத் திட்டம் கொடுப்பார். எனக்கு அது கோழி கிளறிய மண். பேருந்தில் ரோலின் என் காதருகே மெதுவாக வாசித்துக் காட்டுவான். அது உண்மை, மறைக்கவில்லை.

தாளைப் பார்த்துப் பயனில்லாதவன் வேறெதையாவது பார்த்துத்தான் ஆக வேண்டும். நான் எதிரே நிற்பவனின் காலைப் பார்த்தேன். பாயப் போகிறவனின் குதிகால், பந்து நகர்வதற்கு முன்பே ஒரு விரல் உயரம் தரையைவிட்டு எழும்பும். பின்வாங்கப் போகிறவனின் குதிகால் ஒட்டிக் கிடக்கும். பதினாறு வயதில் இதை நான் ரோலினிடம் சொன்னேன். அந்த வருஷம் எங்கள் பக்கமாக ஒருத்தனும் உள்ளே நுழையவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்லூரி அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஒருவர் வந்தார். இருவரையும் அறைக்குள் அழைத்து, ஒரு தாளை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. ரோலின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் கல்லூரிக்குப் போனான். அங்கிருந்து தொழில்முறை அணிக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆடினான். முழங்கால் இரண்டும் போன பிறகு பெரிய அணிகளில் முன்வரிசைக்குப் பயிற்சி கொடுத்தான். நான் சுண்ணாம்பு ஆலையில் மூட்டை கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளம்பர் வெண்டலின் கார் கொட்டகையில் டிவி ஓடும். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் ரோலினின் தலையைப் பார்ப்பேன். பந்து கிளம்புவதற்கு முன் அது ஒரு கணம் கீழே குனியும். எதிரியின் குதிகாலைப் பார்க்கிறான். என் கண்ணைப் பிடுங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிறான் என்று எனக்கு வயிறு எரியும். பீர் இறங்காது.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் எங்கள் பள்ளிக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தான். தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். என் மனைவி ஓப்பல், ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்து ‘பை’ என்கிற பலகாரம் சுட்டு அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய பைதான். அதைக் கேட்டதற்கு, “உனக்கு ருபார்ப் பிடிக்காதே” என்றாள். பிடிக்காதுதான். ஆனாலும் கேட்டேன்.

நான் சங்கிலிக்காரன் என்பதைச் சொல்ல வேண்டும். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தை அளக்க, இரு முனையிலும் கம்பு கட்டிய சங்கிலி ஒன்று மைதான ஓரத்தில் எப்போதும் கிடக்கும். முன்கம்பு வெண்டலிடம். பின்கம்பு ஓய்வுபெற்ற தபால்காரர் ஏமஸிடம். நடுவில் கிளிப் என்னுடையது. தரையில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். பின்கம்புக்குப் பக்கத்துக் கோட்டின் பின் விளிம்புக்கு நேராகச் சங்கிலியில் கிளிப்பை மாட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் சங்கிலியை மைதானத்துக்குள் தூக்கிப் போய், அதே கோட்டின் அதே விளிம்பில் கிளிப்பை வைத்து இழுத்தால் அளவு பிசகாது. விதிப்படி கோட்டு நடுவர்தான் குனிந்து வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து நடுவருக்கு முதுகு சரியில்லை. பத்தொன்பது வருஷமாகக் குனிந்தது நான்தான். இதற்குக் கூலி ஒரு கிண்ணம் சில்லியும் (கறியும் பயறும் போட்ட காரக் குழம்பு), மைதானத்துக்குள் நிற்கிற உரிமையும்.

ரோலினின் அணி முதல் இரண்டு வருஷமும் தோற்றுக்கொண்டே இருந்தது. எனக்கு அது உள்ளுக்குள் இனித்தது. மூன்றாம் வருஷம் பையன்கள் தேறிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் இறுதிச் சுற்றுக்குள் போகலாம். தோற்றால் வேறு பயிற்சியாளரைப் பார்ப்பதாகப் பள்ளிக் குழு வெளிப்படையாகவே சொல்லியிருந்தது.

அந்த வாரம்தான் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் பேட்டி வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எதிரியின் குதிகாலைக் கவனிப்பது பற்றி அவன் சொல்லியிருந்தான். ‘பதினாறு வயதில் நானாகவே கண்டுபிடித்தேன்’ என்று போட்டிருந்தது. நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

மைதானத்து விளக்குக் கம்பங்கள் துருப்பிடித்துவிட்டதால் அந்த வருஷம் ஆட்டமெல்லாம் சனிக்கிழமை பகலில்தான். கடைசி ஆட்டத்தன்று வெயில் அடித்தது, ஆனாலும் குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு நிமிஷம் பாக்கி. நாங்கள் மூன்று புள்ளி முன்னால். நான்காவது முயற்சி, அரை கெஜம் தேவை. எடுத்துவிட்டால் மீதி நேரத்தை ஓட்டிவிடலாம், ஜெயித்த மாதிரி. பந்தைத் தூரமாக உதைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வதுதான் வழக்கம். ரோலின் அப்படிச் செய்யவில்லை. முன்வரிசையை நம்பினான். பையன்கள் முட்டினார்கள், குவியலாக விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் பந்து பத்து கெஜ எல்லையை ஒட்டிக் கிடந்தது. அளக்கச் சொல்லி நடுவர் கையை அசைத்தார்.

சங்கிலியோடு மூவரும் உள்ளே ஓடினோம். “டெல்மர், சீக்கிரம் வைடா, கை விறைச்சுப் போச்சு” என்றான் வெண்டல். ரோலின் மைதான ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றான். ஊரே எழுந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். பின் விளிம்பில் வைக்க வேண்டிய கிளிப்பை முன் விளிம்பில் வைத்தேன்.

கை தவறவில்லை. தெரிந்தேதான் வைத்தேன்.

வெண்டல் சங்கிலியை இழுத்து, இருக்க வேண்டிய இடத்துக்கு நான்கு அங்குலம் முன்னால் தள்ளிக் கம்பை ஊன்றினான். நீள்வட்டப் பந்தின் கூர்மூக்கு கம்புக்கு இரண்டு விரல் பின்னால் நின்றது. நடுவர் கையை எதிர்ப்பக்கம் காட்டினார். பந்து அவர்களிடம் போயிற்று. எட்டு விநாடி மிச்சமிருக்கும்போது அவர்கள் பந்தோடு எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆட்டத்தை ஜெயித்தார்கள். மைதானத்துச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்து சில்லி சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மதியம், ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் ரோலின் வந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறி, மூட்டை அடுக்கின்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கறுப்புக் கால்சட்டையெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. தட்டிவிடக்கூட இல்லை. என் ரொட்டியில் பாதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். இருவரும் கொஞ்ச நேரம் மென்றோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்டப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னான். ஒவ்வொரு ஆட்டத்தையும் கூரைமேலிருந்து படம் எடுப்பார்கள், பயிற்சியாளர்கள் அதை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அது நினைவே வரவில்லை. யாராவது என்னைப் படம் எடுப்பார்கள் என்று நான் எப்போது நினைத்திருக்கிறேன்?

“கிளிப்பை வைக்கறதுக்கு முன்னாடி ஒன் வலது குதிகால் மேல தூக்குச்சு” என்றான் ரோலின். “பத்தொம்பது வருஷமா நீ குனியறதைப் பாத்திருக்கறவங்க யாருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது.”

ரொட்டியை மூட்டைமேல் வைத்தேன். “பாஞ்சுட்டேன்னு கண்டுபிடிச்சுட்ட.”

“நீதானடா சொல்லிக் குடுத்த.”

“பேப்பர்ல வேற மாதிரி சொல்லியிருக்கியே.”

அவன் ரொட்டித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நீ படிச்சிருப்பேன்னு நெனக்கல” என்றான். அப்புறம், “நான் சொன்னது தப்பா வந்துடுச்சு. நீ படிக்க மாட்டேங்கிற தைரியத்துலதான் சொல்லியிருக்கேன், இல்ல?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிறவன் போலச் சொன்னான். பெரிய அணியில் சேர்ந்த முதல் வருஷம் யாரோ கேட்டபோது தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டானாம். பிறகு எல்லா ஊரிலும் அதையே சொல்லிச் சொல்லி, அது நிஜமாகவே நடந்தது போல ஆகிவிட்டதாம்.

படத்தை யார் யாரிடம் காட்டினான் என்று கேட்டேன். பையன்கள் பார்ப்பார்கள், அவர்கள் தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டுமே என்றான். “ஒன் பக்கம் ஒருத்தனும் பாக்க மாட்டான். சங்கிலிக்காரன் காலை யாருடா பாக்கறா?” என்று சொல்லி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி இறங்கிப் போனான். சுண்ணாம்பில் அவன் காலடி படி நெடுக இருந்தது.

அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெயரும் அவனுக்கு, ஊரும் அவனுக்கு, ஓப்பல் சுட்ட பையும் அவனுக்கு. கடைசியில் மன்னிக்கிற மனசும் அவனுக்கே கிடைத்துவிட்டதே என்றுதான் அன்று மதியம் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டே பொருமினேன்.

மறுநாள் மாலை பள்ளிக் குழு கூடியது. கூட்டத்தில் ஊர்க்காரர் யாரும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். பேசினால் சாக்குச் சொல்லிவிடுவேன் என்று பயம், எழுதினதை வாசித்தால் தப்பிக்க முடியாது. நான்கு வரிதான். எந்த விளிம்பில் வைக்க வேண்டும், எந்த விளிம்பில் வைத்தேன், தெரிந்தே வைத்தேன், பையன்கள் அரை கெஜத்தை எடுத்துவிட்டார்கள். ‘விளிம்பு’ என்ற சொல்லில் இரண்டு முறை தடுக்கினேன். ஏமஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ரோலின் இருந்தான். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

ஆட்ட முடிவு மாறவில்லை. அது மாறாது, விதி. குழு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ரோலினுக்கு இன்னொரு வருஷம் கொடுத்தது. என்னிடமிருந்து கிளிப்பை வாங்கிக்கொண்டார்கள். வெண்டல் ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் வழியில் வண்டியை நிறுத்தி, “நாலு அங்குலத்துக்காக என்னை விறைக்க வெச்சியேடா” என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு சரியாயிற்று. பத்திரிகையிலும் செய்தி வந்தது. பழைய நண்பனை மன்னித்த பயிற்சியாளர் என்று தலைப்பு. அவன் பெயர் பெரிய எழுத்தில். என் பெயர் ஆறாவது வரியில், ஒரு எழுத்து குறைந்து. அதையும் மூன்று முறை படித்தேன்.

இந்தப் பருவம் முதல் ஆட்டத்துக்குப் போய் மேல்வரிசைப் பலகையில் உட்கார்ந்தேன். கிளிப் இப்போது வெண்டலின் மச்சானிடம். முதல் அளவையில் அவன் குனிந்தபோது என் கழுத்து நீண்டது. பின் விளிம்பில் சரியாகத்தான் வைத்தான்.

ஓரத்தில் ரோலின் முன்வரிசைப் பையன் ஒருவனின் தோளை அணைத்துப் பிடித்து, எதிரணியின் கால்களை விரலால் காட்டிக்கொண்டிருந்தான். பையன் தலையாட்டினான். பிறகு இருவரும் கூட்டத்தின் பக்கம் திரும்பி மேலே பார்த்தார்கள். யாரைத் தேடினார்களோ தெரியவில்லை. நான் எழுந்து நிற்கவில்லை. ஆனால் என் இரண்டு குதிகாலும் பலகையில் படாமல் மேலே நின்றன.