இரண்டாவது நடைமேடைக்கு வராத வண்டி

எங்கள் ஸ்டேஷனைக் கட்டியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். டிக்கெட் கவுண்டர் ஒரு கோடியில், பாலத்துப் படிக்கட்டு மறுகோடியில். முதலில் இங்கே செங்கல் ஏற்றத்தான் தண்டவாளம் போட்டார்களாம். சூளை மூடியது, வீடுகள் முளைத்தன, எதிரே இன்னொரு நடைமேடை வந்தது. இரண்டுக்கும் நடுவே பாலம் வேண்டுமென்ற ஞாபகம் கடைசியில்தான் வந்திருக்கிறது. எங்கே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததோ அங்கே ஒன்றை நட்டுவிட்டார்கள்.

நான் இங்கே அறிவிப்பாளர். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று நாள் முழுக்கக் குழைவேன். மைக்கை அணைத்துவிட்டால் இந்த அம்மாவின் வாயே வேறு என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் சொல்வது உண்மைதான்.

அந்தக் கோணல் பாலத்தால் என் தம்பிக்கு ஒரு நல்லது நடந்தது. அதிலிருந்து அடித்துப் பிடித்து இறங்குகிறவர்களுக்குக் கடைசிப் பெட்டிதான் வாய்க்கும். தம்பிக்கும் அதுதான், கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் அதுதான். தினமும் காலையில் அவள் இவனைப் பார்த்துச் சிரிப்பாள். இவன் மின்விசிறியைப் பார்ப்பான். பேசித் தொலையேன்டா என்றால் நாளைக்கு என்பான். அவனுடைய நாளைக்கு வருஷக்கணக்கில் வளர்ந்தது.

அப்புறம் நடுவில் புதுப் பாலம் திறந்தார்கள். பழையதற்குப் பூட்டு. என் அறையையும் புதுப் பாலத்தின் மேலேயே மாற்றினார்கள். தம்பி மூளையைக் கசக்கிக் கணக்குப் போட்டான்: அவள் இறங்குமிடத்தில் வாசல் முன்பக்கம், ஆகவே இனி அவள் முதல் பெட்டிக்குத்தான் போவாள். இவனும் முதல் பெட்டிக்குப் போய் நின்றான். அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தான். தன்னைப் பிடிக்காமல்தான் நேரத்தை மாற்றிக்கொண்டாள் என்று முடிவுகட்டி, ஆபீசில் வெளியூர் மாற்றல் கேட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அங்கே வேலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை; அழுகையும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் என் அறை ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார்கள். எட்டிப் பார்த்தேன். நடைமேடையின் ஒரு கோடியில் என் தம்பி, முகம் தொங்கிப்போய். மறுகோடியில், கடைசிப் பெட்டி நிற்கிற அதே இடத்தில், அவள். கூட்டத்துக்கு மேல் எக்கி எக்கி யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அக்கா திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான், வழக்கமும் அதுதான். வண்டி வர இன்னும் சில நிமிஷங்களே இருந்தன. மைக்கைப் போட்டேன். முதலாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி இன்று இரண்டாவது நடைமேடைக்கு வரும் என்று தேன் ஒழுகச் சொன்னேன்.

ஸ்டேஷனே என்னைச் சபித்துக்கொண்டு படியேறியது. இரண்டு பக்கக் கூட்டமும் ஏற ஒரே பாலம்தான். என் ஜன்னலுக்குக் கீழே இருவரும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றதைப் பார்த்தேன். உடனே, தவறான அறிவிப்புக்கு வருந்துகிறோம், வண்டி முதலாவது நடைமேடைக்கே வருகிறது என்றேன். கூட்டம் இன்னும் பலமாகச் சபித்தபடி இறங்கி ஓடியது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் அசையவில்லை. கீழே வண்டி வந்து நின்று, கிளம்பியும் போனது.

ஸ்டேஷன் மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து கத்த ஆரம்பித்தார். கொஞ்சம் சும்மா இருங்கள் சார், கேட்கவில்லை என்றேன்.

என் தம்பி ஒருவழியாக வாயைத் திறந்தான். திறந்ததும் என்னைத்தான் காட்டிக்கொடுத்தான். “மன்னிச்சுக்குங்க. தப்பா சொன்னது எங்க அக்காதான்.”

“தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். சிக்னல் ஒண்ணாவது லைனுக்குத்தான் விழுந்திருந்துச்சு.”

“அப்புறம் ஏன் ஏறுனீங்க?”

“படியில நீங்க ஏறுறது தெரிஞ்சுது.”

ஸ்டேஷன் மாஸ்டர்கூட என் பக்கத்தில் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தம்பி வழக்கம்போல மேலே பார்த்தான். பாலத்தில் மின்விசிறி கிடையாது. வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

“திங்கக்கிழமை நீங்க எந்தப் பெட்டியில ஏறுவீங்க?” என்று கேட்டான்.