திரிகைக்குப் போகாத மாவு

பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை மைதிலியை ஒருமுறை பார்த்துவிட்டு, "புள்ள பேசுமுங்களா?" என்று கேட்டார்.

"பேசுமுங்க. அவசியம்னா," என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். இருவரும் தனியாகக் கொஞ்சம் பேசட்டும் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால்தான் அப்பாவின் ஜவ்வரிசி ஆலை. "சுத்திக் காட்டிட்டு வா சாமி," என்றார் அப்பா.

மாப்பிள்ளை கதிர்வேல் சங்ககிரிக்காரன். ஜெர்மனியில் வேலை. மரவள்ளிக் கிழங்கு மாவு தேங்கிக் கிடக்கும் தொட்டிகளின் ஓரம் நடந்தபோது அவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க, வேட்டிக்குப் போடற கஞ்சியும் இந்த மாதிரி மாவுதானுங்களே? எங்க அப்பிச்சி வேட்டி அவரு இல்லாமயே நிக்கும்."

மைதிலி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜெர்மன்ல இதுக்கு ஷ்டேர்க்கன்னு பேருங்க. பலத்துக்கும் அதே வார்த்தைதான். இங்கிலீஷ் ஸ்டார்ச்சும் அதுக்குச் சொந்தம். போலந்துக்காரங்க குரோக்மல்ங்கறாங்க. அதுவும் 'பலமாவு'ங்கற ஜெர்மன் சொல்லுல இருந்து போனதாம். துணிய வெறப்பா நிக்க வெக்குதில்லீங்க, அதான். ஆனா பிரெஞ்சுல அமிதோன், இத்தாலியில அமிதோ, ஸ்பெயின்ல அல்மிதோன். அது எங்கிருந்து வந்துச்சுன்னுதான் தெரியல. நீங்க கெமிஸ்ட்ரிதானே, தெரியுமுங்களா?"

அவளுக்குத் தெரியும். மாவுச்சத்தில் இருக்கும் அமைலோஸ் பற்றிப் படித்தபோது தேடிப் பார்த்திருக்கிறாள். கிரேக்கத்தில் அமுலோன். திரிகைக்குப் போகாதது என்று பொருள். ஐரோப்பாவின் வடக்கே, மாவு துணிக்குச் செய்யும் வேலையை வைத்துப் பெயர். தெற்கே மாவை எடுக்கும் விதத்தை வைத்துப் பெயர்.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் தயங்கி நின்றான்.

"இன்னொன்னுங்க. ஊட்டுல சொல்றாங்கன்னு நீங்க சரின்னு சொல்ல வேண்டாம். புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருங்க. வேண்டாம்னு நானே எங்கூட்டுல சொல்லிக்கறேன். உங்க மேல பழி வராது."

இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவனைப் பிடித்திருந்தது. முதலில் அந்தக் கிரேக்கச் சொல்லைச் சொல்லிவிடலாம், அப்புறம் சரி என்பது சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தாள். கிரேக்கர்கள் கோதுமையை ஊற வைத்துப் பிழிந்தார்கள், பாலைத் தேங்க விட்டு மாவை வெயிலில் காய வைத்தார்கள், இங்கே நடப்பதும் அதுதான். வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் இங்கே கிழங்கை இயந்திரம் அரைக்கிறதே. அப்படியானால் திரிகைக்குப் போகாதது என்று சொல்ல முடியுமா? தேங்க வைப்பது மட்டும்தான் இரண்டிலும் ஒன்று என்று சொல்ல வேண்டும். அவள் வாக்கியத்தை மாற்றினாள். மறுபடி மாற்றினாள்.

அவன் தொட்டியைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"சரிங்க," என்றான் பிறகு, மெதுவாக. "வெயிலா இருக்குது. போலாங்க."

வாசலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாசலில் அவனுடைய அத்தை நின்றிருந்தார்.

அவர்கள் போனதும், "உனக்குச் சம்மதந்தானே?" என்று அம்மா கேட்டாள். மைதிலி தலை குனிந்தாள். அம்மா மண்டபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

அந்த வாரமே தரகர் போன் செய்தார். ஜாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், சேரவில்லையாம்.

"பாத்துட்டுத்தானே வந்தாங்க?" என்றாள் அம்மா.

சொன்ன வார்த்தையை அவன் காப்பாற்றியிருந்தான். பழி ஜாதகத்தின் மேல் போயிருந்தது.

மைதிலி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிரேக்கத்தையும் சொன்னாள். அவ்வளவு நேரம் அவள் பேசி அம்மா கேட்டதில்லை.

"இத்தன தெரிஞ்சிருக்குது. ஒரு 'சரி' சொல்றதுக்கு என்ன?"

"அப்பாவ ஒருக்கா பேசச் சொல்லும்மா."

"வேண்டாம்னவங்க ஊட்டுக்குப் பொண்ணப் பெத்தவங்க போயி நிப்பாங்களா? ஊரு சிரிக்கும் சாமி." அம்மா அவள் கையைத் தடவினாள். "திருச்செங்கோட்டுல ஒரு எடம் இருக்குதாம். ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டுமா?"

மைதிலி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.