பின்பாரம்

மாணிக்கவாசகம் ஒரு மணல் மூட்டையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக் காரின் டிக்கிக்குள் தள்ளுவதை இந்திராணி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். டில்லி கிட்வாய் நகர் முழுக்க மூடுபனி இறங்கிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிர் பிளாக்கே தெரியவில்லை. ஆனால் கட்டின புருஷனின் முதுகு எந்தப் பனியிலும் தெரியும். அவர் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு டிக்கி மூடியை இரண்டு கையாலும் அமுக்கிச் சத்தம் வராமல் சாத்தினார். அந்த மனுஷர் ஆயுசில் எந்தக் கதவையும் சத்தமில்லாமல் சாத்தியவர் இல்லை. அங்கேதான் இவளுக்குச் சுருக்கென்றது.

உள்ளே வந்தவரிடம் காப்பியை நீட்டினாள். "என்னத்த ஏத்துனிய?"

"மணலு."

"வீடு கட்டப் போறியளா?"

"வண்டி பின்னால ஆடுதுல்லா. கொஞ்சம் பாரம் கெடந்தா நல்லது." சொல்லிவிட்டு ஆறாத காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்திருக்கும். பொத்துப் போகட்டும், பொய் சொல்கிற நாக்குதானே.

அந்த வண்டியே ஒரு தனிக் கதை. ஏதோ ஒரு தூதரகத்தில் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்ட பழைய பென்ஸ். மந்திரிசபைச் செயலகத்தில் ஃபைல் தள்ளுகிற ஒரு செக்‌ஷன் ஆபீசர், ரிட்டயர்மென்ட் கண்ணில் தெரிகிற வயசில் அதை வாங்கிக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினால் காலனி சும்மா இருக்குமா? ஒரு மாதம் எல்லோரும் இவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பே வேறு மாதிரி இருந்தது. மாணிக்கவாசகத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. சின்ன வயசிலிருந்து மனசில் வைத்திருந்த ஆசை. பேங்கில் வேலைக்குச் சேர்ந்த மகள் மதுமதிதான், "வாங்குங்கப்பா, அப்புறம் எப்ப?" என்று உசுப்பிவிட்டாள்.

வண்டிக்கு இழுப்பு ஜாஸ்தி. எஞ்சின் முன்னால், உதைப்பு பின் சக்கரத்தில். மழை நாளில் மோதி பாக் சிக்னலில் இவர் ஆசையாக ஒரு மிதி மிதிக்க, பின்பக்கம் அப்படியே சுற்றிக்கொண்டு வந்து, வந்த வழியையே பார்த்து நின்றது. இந்திராணிக்கு உயிரே போய்விட்டது. இவரானால் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிக்கிறார். "பின்னால பாரம் இல்ல, அதான். நீ மட்டும் பின் சீட்டுல ஒக்காந்திருந்தேன்னு வையி, கோயில் மாடு கணக்கா நின்னிருக்கும்." பின் சீட்டில் இருந்த மதுமதியும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குச் சபதம் போட்டவள்தான். இன்றுவரை அந்த வண்டியின் பின் சீட்டில் இந்திராணி உட்கார்ந்ததில்லை.

அதற்கப்புறம் அந்தப் பின் சீட்டில் யாருமே உட்காரவில்லை. மதுமதி தன்னோடு வேலை பார்த்த நரேஷ் தாக்கூரைக் கோர்ட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு, சிம்லாவுக்கும் மேலே நார்கண்டா என்கிற ஊருக்குப் போய்விட்டாள். அவன் ஊர் அதுதான். ஆப்பிள் தோட்டமும் பனியுமாக ஏதோ ஓர் ஊர். கையெழுத்துப் போட்ட கையோடு வாசலில் வந்து நின்ற மகளிடம் இந்திராணி சொன்னது பிளாக் முழுக்கக் கேட்டது. "இந்தப் படி ஏறாத. நான் செத்தாலும் ஏறாத." மதுமதி அவள் மகள்தானே, அவளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். அதோடு அந்தப் பேர் வீட்டில் நின்றுபோனது. மதுமதியின் அறையில் பழைய டிரங்குப் பெட்டிகளும் ரஜாய்ப் போர்வைகளும் ஏறின.

ஆகவே மணல் மூட்டையைப் பார்த்ததுமே, வழுக்குகிற ரோட்டுக்குத்தானே பின்பாரம் என்று இந்திராணியின் மனசு நேராக மலைக்குத்தான் போனது. மனுஷர் மகளைப் பார்க்கப் போகிறார். என்னை விட்டுவிட்டுப் போகிறார். முதல் பாதிக்குக் கோபம் வந்தது. இரண்டாம் பாதிக்கு வந்தது கோபம் இல்லை, அழுகை. அதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

அந்த வாரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தை முதலில் விரிக்கிறவர் வானிலைப் பக்கத்தை விரித்தார். ஆபீசில் யாரோ ஒரு மலையூர்க்கார பஹாடி டிரைவரைப் பற்றி இரண்டு தடவை பேச்சு வந்தது. போன் அடித்தால் இவள் எடுப்பதற்குள் ஓடி வந்தார். "அச்சா, அச்சா" என்று மட்டும் சொல்லி வைத்தார். தன் மகளிடம் எந்தத் தகப்பன் அச்சா போடுகிறான்? இவள் காதில் விழக்கூடாது என்றுதானே.

மாடி வீட்டு மங்களம் வேறு நேரம் பார்த்து வந்தாள். "ஏன் இந்திராணி, உங்காத்துக்காரர் பனிக்குப் போடற டயர் எங்க கெடைக்கும்னு இவர்ட்ட விசாரிச்சாராம். டில்லியில ஏதுடி ஐஸ் பனி? புது ஸ்வெட்டர் வேற போட்டுண்டு திரியறார். சித்த பாத்துக்கோ."

"அவருக்குக் குளிரு தாங்காது மாமி" என்று இந்திராணி முடித்துக்கொண்டாள். மாமியின் கற்பனை போகிற திசையில் போகட்டும். அப்படி ஒருத்தி இருந்திருந்தால்கூட இவள் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பாள். மகளைப் பார்க்கப் போகிற மனுஷரை என்னவென்று கேட்பது?

சனிக்கிழமை அவர் வண்டிச் சாவியை எடுத்தபோது இவள் சால்வையோடு வாசலில் நின்றாள்.

"டயர் மாத்தப் போறேன். நீ எதுக்கு?"

"நானும் வாரேன். வீட்டுக்குள்ளயே கெடந்து என்னத்துக்கு?"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அகப்படவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கடை கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு டயர்களை அடுக்கி வைத்திருந்தான் கடைக்கார சாவ்லா. "நீ வண்டிலயே இரி. கிரீஸா கெடக்கு" என்று சொல்லிவிட்டு இவர் இறங்கினார். அவர் உள்ளே போனதும் இவளும் இறங்கி டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள். புருஷனை ஒளிந்து நின்று வேவு பார்க்கிற காலமும் வந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நகரவில்லை.

சாவ்லா நாலு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரன் விட்டுப் போனவையாம். குளிரில் சாதா ரப்பர் கட்டை மாதிரி விறைத்துப் போகும், இது மெத்தென்றே இருக்கும், பனியைக் கவ்வும் என்றான். மாணிக்கவாசகம் நம்புகிற ஆளா? தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாக வரி கீறி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒவ்வொரு வரியிலும் நகத்தை விட்டுப் பார்த்தார். அமுக்கினார், மோந்துகூடப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்த மனுஷர் இவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை என்று மறைவில் நின்ற இந்திராணிக்குத் தோன்றியது. ஓரத்து ரப்பர்ப் பல் ஒன்று உடைந்திருந்த டயரைத் தள்ளிவைத்து, "இது வேண்டாம், வேற காட்டு" என்றார்.

சாவ்லாவுக்கு அலுத்துவிட்டது. இது பின் சக்கரம் இழுக்கிற வண்டிதானே பாயிசாப், பின்னால் இரண்டு மட்டும் போடுங்கள், எந்த ஏற்றமும் ஏறிவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், எதற்கு நாலு என்றான்.

"ஏறிடும். எறங்கும்போது?" மாணிக்கவாசகம் இந்தியில் குரலைத் தணித்தார். இறக்கத்தில் முன் சக்கரம் கவ்வவில்லையென்றால் வண்டி திரும்பாது, நிற்காது, நேராகப் பள்ளத்துக்குப் போகும் என்றார். பிறகு இன்னும் தணிந்து, "ஜாத்தே வக்த் அகேலா ஹூன். ஆத்தே வக்த் டாயி சவாரி" என்றார்.

போகும்போது தனியாள். வரும்போது இரண்டரை சவாரி. வருஷக்கணக்காகக் காய்கறிக்காரனிடம் டாயி கிலோ கேட்டு வாங்குகிறவளுக்கு அந்தக் கணக்கு விளங்க எவ்வளவு நேரம் ஆகும்? மாணிக்கவாசகம் ஒன்று. மதுமதி ஒன்று. அந்த அரை?

சாவ்லாதான் வாய்விட்டுச் சொன்னான். "அரே, நானா, தாத்தா ஆகப் போறீங்களா! பதாயி ஹோ!" கையைப் பிடித்துக் குலுக்கினான். டீக்கு ஆள் அனுப்பினான். மாணிக்கவாசகம் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இந்திராணி பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். தன் மகள் வயிற்றில் பிள்ளை இருக்கிற சங்கதி, முன்பின் தெரியாத டயர்க் கடைக்காரனுக்குத் தெரிகிறது. பெற்றவள் டயருக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். சேலையில் கரி ஒட்டியதுகூடத் தெரியாமல் திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்தாள்.

புது டயர்கள் சாலையில் ஊமென்று ஒரு சத்தம் கொடுத்தன. கோல் மார்க்கெட் வட்டம் தாண்டுகிறவரை பொறுத்தாள்.

"எத்தன மாசம்?"

மாணிக்கவாசகம் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான். "ஏழு" என்றார்.

"ஏழு மாசக்காரிய மலையில இருந்து எறக்கப் போறியளா? கிறுக்கா உங்களுக்கு?"

"பனி விழுந்து ரோடு அடைச்சிட்டா அங்கன ஆஸ்பத்திரிக்கே போக முடியாது. பஸ்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவன்கிட்ட பைக்குதான் இருக்கு. இந்த வண்டின்னா அலுங்காம கொண்டாந்துரலாம்."

"கொண்டாந்து?"

அவர் கண்ணாடியில் பின்னால் எதையோ பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை.

"கொண்டாந்து எங்க வைக்கப் போறிய?"

"இங்கதான். கோல் மார்க்கெட்ல. தர்மன் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் சும்மா கெடக்கு. கேட்டு வச்சிருக்கேன்."

தர்மன் அவர் ஆபீஸ்காரர். நல்ல மனுஷர்தான். இந்திராணிக்கு அவர் முகத்தில் போய்க் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. "தலைப்பிரசவத்துக்கு எம் மக அடுத்தவன் வீட்டுல போயி கெடக்கணுமா? தாயி இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது?"

"நீதான் படி ஏறாதன்னு சொன்ன. அவ மறக்கல" என்றார் மாணிக்கவாசகம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

மறுநாள் மதுமதியின் அறையிலிருந்து டிரங்குப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உரசிக்கொண்டு வெளியே வந்தன. மாணிக்கவாசகம் ஹாலில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒத்தாசைக்குப் போக எழுந்தவர், அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

லீவு போட்டுக் கிளம்புகிற அன்று காலையும் அதே மூடுபனி. அவர் கண்ணாடியைத் துடைத்து, எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வந்து பார்த்தால், இந்திராணி பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கூடையோடு காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கூடைக்குள் ஃபிளாஸ்க், நார்த்தங்காய் ஊறுகாய், துணியில் சுற்றிய கண்ணாடி வளையல்கள்.

"அந்த மூட்டைய எறக்குங்க" என்றாள்.

"எந்த மூட்டைய?"

"மணல் மூட்டைய. எறக்குங்கங்கேன்."

மாணிக்கவாசகத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் சின்னதாகிவிட்டது. "இந்திராணி, அவ ஒன்ன வரச் சொல்லல. கேட்டுப் பாத்தேன். அம்மா வேண்டாம்னுட்டா. கதவத் தொறந்து ஒன்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுவா. பொறவு நீ என்கிட்ட அழக்கூடாது."

அம்மா வேண்டாம். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தும் அது உள்ளே போய்க் குத்தியது. இந்திராணி கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"நான் என்ன விருந்தாடவா வாரேன்? பாரத்துக்கு வாரேன். வண்டிய எடுங்க."

அவர் மூட்டையை இழுத்து வேப்பமரத்தடியில் போட்டார். அவள் பின் கதவைத் திறந்து, குனிந்து ஏறி, சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. பிறகு ஓர் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஒருத்தி சாய்ந்து உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் நகர்ந்தது. பின் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். ஈரமான தெருவில் கார் நின்ற இடம் மட்டும் காய்ந்து வெள்ளையாக இருந்தது. தெரு நாய் ஒன்று வந்து மணல் மூட்டையை மோந்து பார்த்து, அதன்மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. திருப்பத்தில் பனி அதையும் மூடிவிட்டது.