மேலே மொறுமொறு, உள்ளே ஈரம்

எங்கள் வீட்டில் கேக் செய்வது பாதி என் வேலை, பாதி அவர் வேலை. உடனே, கணவனும் மனைவியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு சமையலறையில் நிற்கிறோம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கல்யாணமாகிப் பல வருஷங்களுக்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அந்த அறையில் நின்றதே அபூர்வம்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். விடியற்காலை முதல் வண்டி என்னுடையது. ஊர் எழுந்து பல் விளக்குவதற்குள் நான் ஒரு சுற்று முடித்திருப்பேன். மதியம் வீடு திரும்பி, எங்கள் இரண்டு பெண்களோடு மல்லுக்கட்டி, இருட்டியதும் படுத்துவிடுவேன். அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிப்ட். நான் படியேறும்போது அவர் படியிறங்குவார். "பால் தீந்துபோச்சு", "சின்னவளுக்கு இருமல்", "சாவி உங்ககிட்டயா என்கிட்டயா" என்று எங்கள் குடும்பப் பேச்சு முழுவதும் அந்தப் படிக்கட்டிலேயே நடந்து முடிந்துவிடும்.

இந்த லட்சணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தின்பண்டம் கட்டிக்கொடுக்க வேண்டும். கடைத் தின்பண்டம் வயிற்றைக் கெடுக்கிறது என்று அவர் சொன்னார். வாய் யாருக்குத்தான் இல்லை, செய்வது யார் என்று நான் கேட்டேன். அந்தச் சண்டையில் பிறந்ததுதான் எங்கள் தட்டுக் கேக். ஒரே பாத்திரத்தில் கலக்கி, ஒரே தட்டில் ஊற்றி, சதுரம் சதுரமாக வெட்டுவது. சாயங்காலம் நான் மாவு கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். பேக்கிங் பவுடரை மட்டும் அப்போதே சேர்த்தால் வீரியம் போய்விடும் என்பதால் ஒரு தாளில் மடித்து மூடிமேல் வைத்துவிடுவேன். காலையில் அவர் எழுந்து அதைக் கலந்து, சுட்டு, வெட்டி, டப்பாவில் அடைத்து அனுப்புவார். குளிர்காலத்தில் கேரட்டும் ஆரஞ்சுத் தோலும் போடுவேன். வெயில் காலத்தில் எலுமிச்சை, இல்லாவிட்டால் யாரும் சீந்தாமல் கறுத்துக் கிடக்கும் வாழைப்பழம். மழைக்காலத்தில் ஆப்பிள். இனிப்பு திகட்டும் வாரத்தில் மக்காச்சோளமும் மிளகும் போட்டு உப்புக் கேக். சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் எங்கள் சமையல் புத்தகம்.

நான் வண்டி ஓட்டுகிற மாதிரியே மாவும் கலக்குவேன். கண்ணால் அளந்து, கையால் நிதானித்து. அவரோ உப்புக்கல்லைக்கூடத் தராசில் நிறுத்துப் போடுகிற ஜாதி. பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "கிராம்". வீட்டில் எதுவுமே கிராம் சொன்னபடி நடக்காது என்பது வேறு விஷயம்.

ஒரு தடவை பரிசோதனைக் கூடத்தில் புது இயந்திரம் வந்தபோது அதைச் சோதித்துப் பார்க்க அவர் தன் ரத்தத்தையே கொடுத்தார். "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது" என்று ஏதோ பரிசு கிடைத்ததுபோல் சிரித்துக்கொண்டே படிக்கட்டில் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அந்த வியாதி உண்டு. அன்றிலிருந்து மாவில் சர்க்கரையைக் குறைத்தேன். சொன்னால், "குழந்தைங்க ஏன் எனக்காகப் பத்தியம் இருக்கணும்" என்று வாதத்துக்கு வருவார். அதனால் மூச்சு விடவில்லை. இன்னொன்றையும் சொல்லாமல் செய்தேன். முட்டை வேகவில்லையோ என்ற பயத்தில் மனிதர் கேக்கை அளவுக்கு மேல் சுடுவார். அது வறண்டு போகாமலிருக்க இரண்டு கரண்டி தயிரைக் கூடுதலாக மாவில் சேர்த்துவிடுவேன்.

ஆனாலும் மாலையில் டப்பாவைத் திறந்து மிச்சத் துண்டைக் கடிக்கும்போது மேலே கண்ணாடிபோல் ஒரு மொறுமொறுப்பு இருக்கும். உள்ளே ஈரமாக இருக்கும். பெண்களின் தோழிகள் அதற்காக வரிசை கட்டுவார்களாம். மொறுமொறுப்பு எங்கள் பழைய ஓவனின் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். அவர் பகல் ஆளானார். அதே வாரம் டிப்போவில் ஒரு பகல் தடம் காலியானது.

"எடுத்துக்கிறியாம்மா? ரெண்டு வாரம் ஓட்டிப் பாரு. அப்புறம் சொல்லு. ஆனா ஒண்ணு, காலை வண்டிய விட்டுட்டா அது திரும்ப வராது. அதுக்குப் பத்துப் பேரு காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் மேற்பார்வையாளர். அவர் எப்போதும் பின்னால் வண்டி ஹாரன் அடிக்கிற மாதிரியே பேசுவார்.

ஊரெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னது. "இனிமேலாவது புருஷன் முகத்தைப் பாத்து ஒரு வாய் சாப்பிடு" என்றார்கள் சக ஓட்டுநர்கள். நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் போனேன். மூன்றாம் நாளே சிரிப்பு நின்றது.

சமையலறை சின்னது. நான் திரும்பினால் அவர் முழங்கை. அவர் குனிந்தால் என் இடுப்பு. கரண்டியை நான் வலது பக்கம் வைப்பேன், அவர் இடது பக்கம் மாற்றுவார். குழாயை நான் திறந்தால் அவர் வந்து மூடுவார். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தபோது பேச ஒன்றும் கிடைக்கவில்லை. படிக்கட்டில் ஒரு நிமிஷத்தில் சொல்லிப் பழகிய வாய்க்கு ஒரு மணி நேரம் கிடைத்ததும் அடைத்துக்கொண்டது. "பால் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்தே கேக் செய்யலாம் என்று முடிவு செய்தோம். அவர் தராசோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். மாவுப் பொட்டலத்தின் முதுகில் அச்சடித்திருந்த அளவைச் சத்தமாகப் படித்தார். கண்கொத்திப் பாம்பாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எங்கே சர்க்கரையைக் குறைப்பது? பொட்டலம் சொன்ன அளவுக்குக் கொட்டினேன். தயிரும் அப்படியே. ஓவனுக்கு முன்னால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எது எப்போது வெளியே வர வேண்டும் என்று நானும் இரண்டு வார்த்தை சொன்னேன். நாலு வார்த்தையாகவும் இருக்கலாம்.

கேக் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சின்னவள், வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே தட்டில் வைத்தாள்.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு" என்றேன்.

"மேல மொறுமொறுன்னே இல்லயே. உள்ளயும் தொண்டைய அடைக்குது."

அவர் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளிவைத்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. மாவுல ஒரு குறையும் இல்ல. சுட்டது நீங்க."

"நான் எப்பவும் போலத்தான் சுட்டேன். நீதான் பக்கத்துல நின்னு எடு எடுன்னு உயிர வாங்கின."

"ஆமா, நான் வாயத் திறந்ததாலதான் கேக் மொறுமொறுன்னு வரல!"

பேச்சு கேக்கிலிருந்து கரண்டிக்குப் போய், கரண்டியிலிருந்து குழாய்க்குப் போய், குழாயிலிருந்து அவர் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் பெரியவள் குறுக்கே வந்தாள். அவள் பேசுவதே குறைவு.

"அப்பா, அம்மா, நீங்க ரெண்டு பேரும் பழையபடி வேற வேற நேரத்துல செய்ங்களேன். அப்ப எல்லாமே நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் கேக்கைத்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது வேறு.

அடுத்த வாரம் முழுவதும் பகல் வண்டியை ஓட்டிக்கொண்டே அதையே யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது, ஒளிப்பானேன். ஒருவேளை நாங்கள் நல்ல ஜோடியாக இருந்ததற்குக் காரணமே பார்த்துக்கொள்ளாமல் இருந்ததுதானோ? முன்பு, ஆளில்லாத சாலையில் விடியற்காலையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம், இப்போது எழுந்திருப்பார், இப்போது பாத்திரத்தை வெளியே எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பக்கத்தில் நின்று குழாயை மூடுகிற மனிதரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. காலை வண்டிக்கே திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமென்று பாதி முடிவுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு வந்தது. காலையிலிருந்து மழை. பெண்கள் கூடத்தில் ஒரே போர்வைக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தையில் ஆப்பிள் குவிந்த வாரம். ஒரு பை நிறைய வாங்கியிருந்தேன், இரண்டு தட்டுக்கு வரும். அவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து முதல் தட்டுக்கு மாவு கலந்தேன். யாரும் பொட்டலத்தைப் படிக்கவில்லை. சர்க்கரை குறைந்தது, தயிர் கூடியது, என் கை தானாக ஓடியது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மாவு தட்டில் தயாராக இருந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது என் போன் அடித்தது. மேற்பார்வையாளர்.

நடைக்குப் போய் எடுத்தேன். "என்னம்மா, நாளைக்குத் தடப் பட்டியல் போடணும். பகலா, காலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார். "சார், நான் காலை வண்டி..." என்று ஆரம்பித்தபடியே திரும்பினேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அவர் பாத்திரத்தின் ஓரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார், தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி. கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து, கை நிறைய அள்ளி, மாவின் மேல் தூவினார். தராசு பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷமாக நான் எடுப்பதை இவர் காலையில் எழுந்து திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்! உள்ளே போய் டப்பாவைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கக் காலை எடுத்தே வைத்துவிட்டேன்.

ஆனால் அவர் முழுத் தட்டிலும் தூவவில்லை. தன் பக்கத்தில் நீளமாக ஓர் ஓரத்தை விட்டுவிட்டார். அங்கே தப்பி விழுந்த இரண்டு பொடியைக்கூட விரல் நுனியால் ஒற்றி எடுத்தார். அந்த ஓரத்துத் துண்டைத்தான் அவர் எப்போதும் எடுத்துக்கொள்வார். கருகின பக்கம் அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டிருந்தேன். மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் எதற்குக் குறைக்கிறேன், யாருக்காகக் குறைக்கிறேன், எல்லாம். தெரிந்துகொண்டு, நான் அவருக்கு வைத்த பத்தியத்தைத் தன் துண்டில் அப்படியே காப்பாற்றி, பெண்களுக்கும் எனக்கும் மட்டும் மொறுமொறுப்பு போட்டுக் கொடுத்திருக்கிறார். போன ஞாயிறு கேக்கை ஏன் கிள்ளியதோடு தள்ளிவைத்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதில் நான் முழுச் சர்க்கரையைக் கொட்டியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

காதில் போன் இருப்பதே மறந்துபோயிருந்தது.

"என்னம்மா, லைன்ல இருக்கியா? காலை வண்டின்னு எழுதிக்கட்டுமா?"

"இல்ல சார். பகல். பகல்னு எழுதுங்க."

"நல்லா யோசிச்சியா? அப்புறம் வந்து கண்ணக் கசக்கக் கூடாது."

"யோசிச்சுட்டேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உடனே உள்ளே போகவில்லை. செருப்பைத் தரதரவென்று தேய்த்து, இல்லாத இருமலை இருமி, "ஏய் வாலு, போர்வைய அக்காகிட்ட குடு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் போனேன். நான் நுழைந்தபோது டப்பா அலமாரிக்குள் இருந்தது, தட்டு ஓவனுக்குள் இருந்தது. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமறியாத பாப்பா மாதிரி நின்றார். மீசையில் ஒரு துளி சர்க்கரை.

"யாரு போன்ல?"

"டிப்போ சார். பகல் வண்டியே எனக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் துடைத்த கையையே இன்னொரு தரம் துடைத்தார். பிறகு, "நெஜமாவா? நான் குழாய மூடறேன்னு நீ ஓடிப்போயிடுவியோன்னு நினைச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவரும் அந்த வாரம் முழுவதும் பயந்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. பாவமாக இருந்தது. கன்னத்தைப் பிடித்துக் கிள்ளலாம் போலவும் இருந்தது. கிள்ளினேன்.

ஓவனிலிருந்து மணம் எழுந்ததும் கூடத்தில் போர்வைச் சண்டை நின்றது. "கிராம், ஆச்சா?" என்று வாலு அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று அவர் பதில் சொன்னார். கேக் வெந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தட்டுக்கு மாவு கலக்க வேண்டும். பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அவர் பழையபடி தராசை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, பொட்டலத்தைத் திருப்பிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். சர்க்கரை டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"ஏங்க, மொட்டை மாடியில துணி காஞ்சிருக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அன்று துணியே துவைக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஈரமா இருந்தா, காயற வரைக்கும் நின்னு எடுத்துட்டே வரேன்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.