சங்கு ஊதிய ஜாடி

இதில் ஒரு சொல் பொய்யென்றால், எனக்கு மிச்சமிருக்கும் பற்களும் இன்றே கொட்டிப் போகட்டும். சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

என் மகள் களிமண்ணில் ஜாடி செய்பவள். எங்கள் கடற்கரையையும் அங்கே மூடிக்கிடக்கும் கப்பல் கயிறு ஆலையையும் ஒரே ஜாடியில் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆலையின் பழைய கூடத்தைக் கண்காட்சி அரங்கமாக மாற்றியிருந்தார்கள். "நடுமேடைக்கு ஒரு பெரிய ஜாடி செஞ்சு காட்டுங்க. பிடிச்சா வெச்சுக்கறேன், இல்லேன்னா வேற ஆளைப் பாக்கறேன்" என்று அதன் பொறுப்பாளர் அம்மாள் சொல்லிவிட்டார். அன்றோடு போயிற்று எங்கள் வீட்டு நிம்மதி.

முதல் ஜாடி சூளையில் வெடித்தது. அடுத்தது ஒருபக்கமாய்ச் சப்பிப் போனது. அதற்கடுத்ததைப் பற்றி விசாரித்த மாப்பிள்ளை அன்று ஓட்டலில் சாப்பிட்டார்.

பிறகு, ஆலைப் புகைபோக்கி மாதிரி உயரமாய், வாய் குறுகலாய் ஒன்று வனைந்தாள். ஈரம் காய்வதற்குள் பழைய கப்பல் கயிற்றை அதன் உடம்பில் சுற்றி அழுத்தித் தடம் பதித்தாள். மேற்பூச்சுக்குச் சிப்பித் தூள் போதாதென்று, ஆலைக் கொதிகலனுக்குள் தலையை விட்டுக் கரியைச் சுரண்டி வந்து கலந்தாள். அங்கேதான் பிசகிவிட்டது. சூளை ஆறியதும் பார்த்தால், மேலே நீர் வற்றிய கரையின் சாம்பல் நிறம், கீழே துருச் சிவப்பு. கண்பட்டுவிடும் போலிருந்தது.

மறுநாள் காலை ஷிஃப்ட் நேரத்துக்கு அது ஆலைச் சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். ஆளாளுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு போய்ப் பூட்டிய கேட்டில் வரிசை கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு ஃபோர்மேன் லேட்டாக வந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதை நிறுத்தச் சொல்லுங்கப்பா!"

"நான் சொன்னா உங்கம்மாவே கேக்க மாட்டா. ஜாடியா கேக்கப் போகுது?"

ஜாடியின் வாயில் துணியை அடைத்தாள். அடுத்த ஊதலில் துணி பறந்துபோய் மின்விசிறியில் தொங்கியது. மாப்பிள்ளை அதன் பக்கத்தில் குனிந்து "உஷ்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். மாலைச் சங்கு ஊதியதும், கேட்டில் நின்றவர்கள் வேலை முடிந்த களைப்போடு வீடு திரும்பினார்கள்.

"இவ்ளோ பாடுபட்டுக் கடைசியில ஒரு ஹாரன் செஞ்சிருக்கேன்!" என்று மகள் சக்கரத்தை எட்டி உதைத்தாள். கால்தான் வீங்கியது.

அப்போது மாப்பிள்ளைக்கு, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, ஒரு யோசனை வந்தது. "மாமா, ஆலைக்கு வார லீவு உண்டுல்ல? அன்னிக்கு அந்தம்மாவை வரச் சொன்னா?"

வரச் சொன்னோம். ஜாடி கம்மென்று இருந்தது. அந்த அம்மாள் கயிற்றுத் தடத்தைத் தடவிப் பார்த்து, "என்ன ஒரு அமைதி இதுல!" என்றார். மகளுக்குப் புரையேறியது. அன்றே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நடுமேடையில் வைத்தார்கள்.

அடுத்த நாள் சங்கு கூடத்துக்குள்ளிருந்தே ஊதியது. தெருக்காரர்கள் கண்காட்சிக்காகத் திறந்திருந்த கேட் வழியே உள்ளே புகுந்து, மற்றவர்களின் ஜாடிகளை ஓரமாய் ஒதுக்கிவிட்டு, கயிறு திரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஃபோர்மேன் பொறுப்பாளர் அம்மாளிடமே, "புதுசாம்மா நீ? கார்டு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். மதியத்துக்குள் ஜாடி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நடுமேடை வேறு யாருக்கோ போனது.

மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"உடைச்சிடட்டுமாப்பா?"

"உடைச்சா ஒவ்வொரு துண்டும் தனித்தனியா ஊதும்மா."

அவள் சிரிக்கவில்லை. ஜாடியைப் போர்வையில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலையில் சங்கே கிடையாது. திறந்த நாள் முதல் மூடிய நாள் வரை மணிதான் அடித்தார்கள்.