புகை மதித்த போர்வை

இந்தக் காலத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது, எங்கே போய்த் தொலையும் என்று கேட்பதில்லை. இதன்மேல் ஏறி உட்கார இடம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். கார்ப் பந்தயம் நடக்கும் ஹாஃபர் ரேஸ் டிராக்கின் புகை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம் ஜூலை மாதத்திலிருந்து எங்கும் போகாமல், மூன்றாம் வளைவுக்கு மேலே, தரையிலிருந்து பதினான்கு அடி உயரத்தில் நிற்கிறது. சனிக்கிழமை பிற்பகலில் அதன்மேல் இருநூறு பேர் உட்கார்ந்து கோழிச் சோள சூப் குடிக்கிறார்கள். கீழே கேலரியில் டிக்கெட் பதினெட்டு டாலர், மேலே புகையில் இருபத்திரண்டு. ஏணி ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே இடம் உண்டு என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது.

எல்வுட் ரைகார்ட் அந்தப் புகையை முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு தான் ஊற்றியது என்பதை அவர் மறைத்ததும் இல்லை. டிராக்கின் சொந்தக்காரன் பட் ஹாஃபருடைய காருக்குப் பத்தொன்பது வருஷம் பெட்ரோல் ஊற்றினவர் அவர். பதினோரு காலன் கேனைத் தோளில் ஏற்றி, கார் வந்து நின்று மூச்சு வாங்குவதற்குள் கவிழ்த்துவிடுவார். ஒரு சொட்டு சிந்தாது. ஜூனியாட்டா ஆற்றுக்கு இந்தப் பக்கம் அப்படி ஊற்ற ஆள் கிடையாது என்று பெயர். சிந்தாமல் உள்ளே போனது பிறகு எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த கேனைத் தூக்கத்தான் திரும்புவார்.

அந்த ஜூலை சனிக்கிழமை காற்று அடிக்கவில்லை. பந்தயம் முடிந்து புகை வளைவின்மேல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பார்த்தார்கள், அப்போதும் நின்றது. திங்கட்கிழமை காற்று அடித்தபோது மரங்கள் அசைந்தன, அது அசையவில்லை. அடுத்த சனிக்கிழமைப் புகை அதன் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. எழுபத்தொன்பதில் தகைவிலான் குருவிகள் அதன்மேல் நடந்து பழகின. எண்பத்து மூன்றில் ஒரு பூனை குட்டி போட்டது. எண்பத்தாறில் பட் ஹாஃபர் ஏணி வைத்து ஏறி, தன் சிவப்புக் கட்டம் போட்ட போர்வையை அதன்மேல் விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி உட்கார்ந்து பார்த்தான். தாங்கியது. அன்றோடு அது கேலரியில் சேர்ந்துவிட்டது.

போர்வை விஷயம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பந்தயத்தன்று காலையில் வந்து, தனக்கு வேண்டிய இடத்தில் போர்வையை விரித்து டேப் ஒட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மாடு கறந்து, சாப்பிட்டு, மதியம் வந்து உட்காரலாம். காவலுக்கு ஆள் வேண்டாம். அண்ணன் தம்பி கால் ஏக்கருக்காகக் கோர்ட்டில் நிற்பார்கள். ஆனால் அண்ணன் விரித்த போர்வையைத் தம்பி ஒரு விரல் நகர்த்தமாட்டான். தொண்ணூற்றெட்டில் பட் ஹாஃபர் புகையின் கிழக்கு ஓரத்தில் போர்வை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனவன், சாப்பாட்டு மேஜையிலேயே இறந்துபோனான். அந்தப் போர்வையை யாரும் தொடவில்லை. மழை பெய்து, தூசி விழுந்து, அதில் புல் முளைத்தது. அவன் மனைவி வெர்னா டிராக்கை நடத்த ஆரம்பித்த பிறகு அவளும் தொடவில்லை.

புகை வருஷத்துக்குப் பன்னிரண்டு அடி வளர்ந்தது. கிழக்கே வளர்ந்ததால் எல்வுட்டின் வேலியைத் தாண்டியது. அதன் நிழலில் அவருடைய சோளம் முதலில் வெளுத்தது, பிறகு குட்டையானது, பிறகு வரவேயில்லை. அதற்காக அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் வயலுக்கு அப்பால் அவர் வீடு இருந்தது. வீட்டின் அடுப்படியில் தெற்கு பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் கீழே அவர் மனைவி ஆர்லீனின் நாற்காலி. ஆர்லீனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. குளிர்காலத்தில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை அந்த வெயில் முழங்காலில் விழுந்தால்தான் அவளால் சாயங்காலம் எழுந்து நடக்க முடியும். டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில் இருந்தது, வெயில் செய்ததை அது செய்யவில்லை. எல்வுட் புகையின் ஓரத்துக்கு நேர் கீழிருந்து ஜன்னல்வரை கயிறு பிடித்து அளந்தார். ஒன்பது வருஷம் என்று வந்தது.

இரண்டாயிரத்து நான்கில் தீயணைப்புக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எல்வுட் எழுந்து தொப்பியைக் கழற்றாமலேயே பேசினார்.

“இன்னும் ஒம்போது வருஷம். அதுக்கப்புறம் என் வீட்டு அடுப்படியில வெயில் கிடையாது. கொஞ்ச காலம் ரேஸை நிறுத்துங்க. அது கரையுதான்னு பாக்கலாம்.”

“யோவ் எல்வுட், பத்தொம்பது வருஷம் கேன் கேனா ஊத்துனது யாரு? எங்க மாமனாரா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். கொட்டகை சிரித்தது.

“நான்தான்டா ஊத்துனேன். அதனாலதான் சொல்றேன்.”

“நிறுத்திட்டு?” என்றாள் வெர்னா. “சனிக்கிழமை சனிக்கிழமை உன் மூஞ்சியைப் பாக்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்க.”

மாநிலக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நீளமான குழாயால் புகையைக் குடைந்து, ஒரு துண்டைக் கேக் மாதிரி எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். அதில் வரிவரியாக ஓடியது. ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, நகத்தின் கனம். அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. மறுபடி கோடு, மறுபடி பழுப்பு. கறுப்புக் கோடு ரேஸ் கார்கள் எரித்தது என்றாள். பழுப்பு, காரை ஏற்றிவரும் லாரிகளும், பார்க்க வருகிறவர்களின் பிக்கப் வண்டிகளும், பந்தயம் முடிந்து வெளியே போக ஒரு மணி நேரம் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்பதும். பிறகு பின்வரிசைக்காரன் எழுந்து, “அப்போ ரேஸ்மேல தப்பு இல்லன்னு படிச்சவங்களே சொல்லிட்டாங்க!” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு வெர்னா தன் கையாலேயே சூப் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வசந்தத்தில் வயலில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எல்வுட் ஒன்றைக் கவனித்தார். புகையின் ஓரம் நேராக வளரவில்லை. பட் ஹாஃபரின் போர்வை கிடந்த இடத்தில் மட்டும் ஏழு வருஷமாக அது வளராமல், இரண்டு பக்கமும் விலகிப் போய், நடுவில் ஒரு பள்ளம் விட்டிருந்தது. புகையும் இத்தனை வருஷம் இந்த ஜனத்தோடு பழகியதுதானே. எல்வுட் வீட்டுக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் கிடந்த கனத்த கம்பளிப் போர்வையை எடுத்துவந்து, புகைக்கு எதிரே இருந்த சோளக் களஞ்சியத்தின் கூரையில் விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டினார். சனிக்கிழமை புகை வந்தது. போர்வைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அந்த சீசன் முழுக்க அங்கேயே நின்றது.

இப்படிப்பட்ட விஷயம் ஊரில் ஒளிந்திருக்காது. அடுத்த கோடையில் டிராக்கைச் சுற்றி எல்லாக் கூரையிலும், தபால் பெட்டியிலும், சர்ச்சின் மணிக்கூண்டிலும் போர்வை கிடந்தது. கடையில் டேப் தீர்ந்துபோய்ப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வரவழைத்தார்கள். புகைக்கு மட்டும் வருஷத்துக்குப் பன்னிரண்டு அடி எங்காவது வேண்டியிருந்தது. போர்வை இல்லாத ஒரே திசை பார்த்து ஓடைக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே மென்னோ சூக்கின் ஓட்ஸ் வயல் இருந்தது. மென்னோ சூக் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர். குதிரையால் உழுகிறவர், குதிரை வண்டியில் சர்ச்சுக்குப் போகிறவர். வாழ்நாளில் ஒரு மோட்டாரை முடுக்கியதில்லை. மூன்றாவது வருஷம் அவருடைய ஓட்ஸ் வெளுத்தது.

எல்வுட் ஒரு பழைய போர்வையைச் சுருட்டிக் கொண்டு ஓடையைக் கடந்து போனார். மென்னோ கொட்டகை வாசலில் குதிரை வாரைத் தைத்துக் கொண்டிருந்தார்.

“இதைக் கூரை மேல விரிச்சு நாலு மூலையிலயும் டேப் ஒட்டு. அது தாண்டாது.”

மென்னோ போர்வையைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல கம்பளிதான். இது எதுக்கு அடையாளம்?”

“இந்த இடம் என்னோடது, ரேஸ் பாக்க வருவேன்னு அடையாளம்.”

“நான் வரமாட்டேனே.”

“யாருய்யா உன்னை வரச் சொன்னா? சும்மா விரி.”

“வராதவன் வருவேன்னு விரிச்சா அது பொய்யில்லையா, எல்வுட்?”

“புகைகிட்டதானேய்யா சொல்ற!”

“பொய் பொய்தான். அதுகிட்ட சொன்னா என்ன, உங்ககிட்ட சொன்னா என்ன,” என்று மென்னோ போர்வையை ஓரம் பார்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாயும் கொடுத்தார்.

எல்வுட் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். இந்த ஆள் நடிக்கிறானா, நிஜமாகவே இப்படியா என்று அவருக்குப் புரியவில்லை. ஆர்லீன் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக் கொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னார்.

“அவர் வீட்ல மோட்டார் இருக்கா?” என்று கேட்டாள் ஆர்லீன்.

“இல்ல.”

“ஒருநாளாவது ரேஸ் பாக்க வந்திருக்காரா?”

“வந்ததில்ல.”

“நீ? பத்தொம்பது வருஷம்?”

எல்வுட் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பார்த்தார். அது திறக்கவில்லை.

“போய் நம்ம போர்வையை எடுத்துட்டு வா, எல்வுட். மூணு வருஷமா எனக்குப் பாதம் குளிருது.”

“எடுத்தா இந்த ஜன்னல் போயிடும்டி.”

“தெரியும். எனக்கு முழங்கால்தான் போச்சு, கண்ணு போகல.”

சீசன் நடுவில் யாரும் தன் போர்வையை எடுத்ததாக அந்த டிராக்கின் சரித்திரத்தில் இல்லை. எல்வுட் களஞ்சியக் கூரையில் ஏறி நான்கு டேப்பையும் கிழித்தபோது, புகையின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் வேறு யாரும் தன் போர்வையை எடுக்கவில்லை. காலி இடம் கிடைத்ததும் புகை மென்னோவின் ஓட்ஸை விட்டுவிட்டுத் திரும்பியது. மூன்று வருஷம் வெளியே நிறுத்தி வைக்கப்பட்டது அல்லவா, ஒன்பது வருஷத் தூரத்தை இரண்டு சீசனில் கடந்தது. இரண்டாயிரத்துப் பத்து அக்டோபரில் அடுப்படியில் பகல் பத்து மணிக்கு விளக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து தினமும் போடுகிறார்கள்.

மென்னோ சூக் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நவம்பரில் ஒருநாள் அவர் மனைவி சலோமா குதிரை வண்டியை எல்வுட் வீட்டு வாசலில் நிறுத்தி, நூடுல்ஸ் மாவு வெட்ட ஆள் போதவில்லை, ஆர்லீன் வருவாளா என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் எட்டுப் பெண்கள் மாவு வெட்ட இருந்தார்கள். சூக் வீட்டு அடுப்படி ஜன்னலும் தெற்கு பார்த்தது. வெயில் அடிக்கிற எல்லா நாளும் அந்த வண்டி பத்து மணிக்கு முன் வருகிறது. திரும்பக் கூட்டிவருவது எல்வுட்டின் வேலை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஏப்ரலில், இனிமேல் கார்கள் சோளத்திலிருந்து காய்ச்சிய எரிசாராயத்தில்தான் ஓடும் என்று வெர்னா பெரிய பலகை வைத்தாள். பந்தயம் சுத்தமாகிவிட்டது என்று செய்தி போனதால் ஐந்து மாநிலத்து நம்பர் பலகைகளோடு பிக்கப்புகள் வந்தன. வரிசை பாலத்தைத் தாண்டி நின்றது. நான்காவது வாரம் பந்தயம் ஆரம்பிக்கும் முன் வெர்னா எல்வுட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புகையின் அடியில் நிறுத்தினாள். பழைய பழுப்புக்கு அடியில் கார்களின் புதுப் புகை கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது.

“பாரு, ஒண்ணுமே தெரியல!”

எல்வுட் பக்கத்தில் கிடந்த நீளக் கழியைத் தூக்கி மேலே தட்டினார். டொக் என்றது.

“தெரியலன்னு சொல்லு. இல்லைன்னு சொல்லாத.”

“சோளம்யா இது! புகையாப் போறது அடுத்த வருஷம் திரும்பச் சோளமா வந்துடுமாம். பேப்பர்ல போட்டிருக்கான்.”

“எந்த வயல்ல வரும்? என் வயல்ல வெயிலே இல்லையே.”

“உன்னைத் திருத்த முடியாது,” என்று வெர்னா சிரித்து, வெண்ணெய் தடவின அவித்த சோளக் கதிர் ஒன்றை அவர் கையில் திணித்தாள். அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று இலவசம். மேலே இருநூறு பேர் அதைத்தான் கடித்துக் கொண்டிருந்தார்கள். இடம் நன்றாக இருக்கிறது, முன்பைவிட வழுவழுப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

ஆர்லீனைக் கூட்டிவர நேரமாகிவிட்டது. எல்வுட் கதிரை வேலிக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டு, ஓடைப் பக்கமாக நிழலில் நடந்தார். பின்னால் எஞ்சின்கள் முடுக்குகிற சத்தம் கேட்டது. அவர் தன் காலடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். நானூற்றுப் பன்னிரண்டாவது எட்டில் வெயில் அவர் தோளில் விழுந்தது. போன சனிக்கிழமை நானூற்றுப் பதினொன்று; கூடின அந்த ஓர் எட்டுக்கு மேலே பிக்கப்புகளின் பழுப்பு. “சுத்தமாம்,” என்று அவர் ஓடைக்குள் துப்பிவிட்டு மேலே நடந்தார்.