ரயில்காரங்க கூட்டம்

இரண்டே பெட்டி! புதன்கிழமை சாயங்காலம், ஊரில் பாதிப் பேர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். இருபது நிமிடம் தாமதமாக அசைந்து அசைந்து வந்து நிற்கிற ரயிலுக்கு இரண்டே பெட்டி. சனிக்கிழமை ஆட்டம் என்றால் தனி ரயிலே விடுவார்கள், மேளதாளம் இல்லாததுதான் குறை. வாரநாளில் ஆட்டம் என்றால் நாங்களெல்லாம் மனிதர்களே இல்லை. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இந்தத் திட்டத்தைப் போட்டானோ, அவனை இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கவைத்து, மூக்குக்கு நேராக அடுத்தவன் அக்குளைக் காட்ட வேண்டும் என்று நான் சத்தமாகவே சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"சும்மா வாயேன்டி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்."

அம்மாவுக்கு யாரும் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் இத்தனை வருடமாக வேலை செய்கிறாள், அங்கே ஒருத்தரிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கடையில் பழம் அழுகியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு வாங்கி வருவாள். அன்றைக்கும் வேலை முடிந்து, கையில் வெங்காய வாசனை போகாமல், இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்கும் ஒரு தடியனின் முதுகுக்கும் நடுவில் ஒடுங்கி நின்றாள். உட்கார இடம் கொடுக்கிறேன் என்றவனிடம்கூட "பரவால்லப்பா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் போனது தம்பியைப் பார்க்க. அவன் அந்தச் சிவப்புச் சட்டைக் கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரன். இடது பக்கத் தடுப்பு. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே உன் கால்சட்டை தேய்ந்துபோயிடுச்சு என்று வீட்டில் நான் கிண்டல் செய்வேன். சனிக்கிழமைகளில் பெரிய தலைகள்தான் ஆடும், இவனைச் சீண்டமாட்டார்கள். வாரநாள் ஆட்டங்களில் மட்டும் கடைசிக் கட்டத்தில், பெரிய தலைகளின் கால்களுக்கு ஓய்வு வேண்டும் என்று கோச் இவனை இறக்கிவிடுவார். எப்போது இறக்குவார்? சரியாக நாங்கள் எழுந்து போன பிறகு.

ஏனென்றால் டிவிக்காரன் ஆட்டத்தை எட்டு மணிக்குத் தள்ளிவிட்டான். ரயில்காரன் தன் நேரத்தை ஒரு இம்மிகூடத் தள்ளவில்லை. ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போதே எங்கள் ஊருக்கான கடைசி ரயில் கிளம்பிவிடும். அதை விட்டால் விடிந்துதான் அடுத்தது. அம்மா விடியும் முன்னால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை என்றால் மூன்று மாடி நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு கிடையாது. டாக்சிக்காரன் கேட்கிற தொகையைக் கேட்டால் நாமே நோயாளியாகிவிடுவோம். தம்பி தங்கியிருப்பது கிளப் விடுதியில், அவனிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

ஆக, மூன்று சீசனாக வாரநாள் ஆட்டம் ஒன்று விடாமல் போகிறாள், இன்னும் தன் பிள்ளை ஆடி அவள் பார்த்ததில்லை. அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறாள். கோட்டுக்கு வெளியே குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றுவதைப் பார்த்திருக்கிறாள். ஒருதடவை பக்கத்து வீட்டு டிவியில் ஆட்டத்தைத் திரும்பப் போட்டபோது கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பந்து அவன் பக்கமே வரவில்லை, திரை ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. "இவன் முழங்கைதான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன், எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் அவன் போன் செய்தான். "அக்கா, இந்த சீசனோட என்னை அனுப்பிடறாங்க. புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைன்னுட்டாங்க. புதன்கிழமைதான் கடைசி. அம்மாவைக் கூட்டிட்டு வந்துரு. கோச் சீக்கிரம் இறக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"சீக்கிரம்னா?"

"சீக்கிரம்னார். நீங்க இருக்கும்போதே இறங்கிடுவேன்க்கா. நான் உள்ள வர்றப்ப ஒவ்வொரு தடவையும் உங்க இடம் மட்டும் வழுக்கை மாதிரி காலியா இருக்கும். அதைப் பாத்துட்டு எப்படி ஆடறது?"

அன்றைக்கே ரயில்வேக்குப் போன் போட்டேன். இந்த ஒரு புதன்கிழமை மட்டும் அரைமணி நேரம் தள்ளி விடுங்களேன், ரயில் நிறைய ஆள் இருக்கிறோம் என்றேன். அந்தப் பெண் மிகவும் பணிவாக, "உங்க புகார் பதிவு செய்யப்பட்டது, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்படும்" என்றாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்து நாள் முழுக்க நான் சொல்கிற வாக்கியம் அது. குழாயில் தண்ணீர் வராதவர்களுக்கும், சாக்கடைத் தண்ணீர் வருகிறவர்களுக்கும் ஒரே வாக்கியம். ஒன்றும் நடக்காது, போனை வை என்று அதற்கு அர்த்தம். போனை வைத்தேன்.

ஸ்டேடியத்துக்குச் சற்று முன்னால் ரயில் ஒரு திருப்பத்தில் போகும். அங்கே இரண்டு பார்வையாளர் வரிசைகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி உண்டு. மைதானத்தின் மூலையில் கொஞ்சம் புல், ஒரு மூலைக்கொடி, கண் மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடும். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்த இடத்தில் கழுத்தை நீட்டுவார்கள். அன்றைக்கு அம்மாவும் தடியனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

எங்களுக்கு மைதானத்தில் ஒரு பெயர் உண்டு. ரயில்காரங்க. வாசலை ஒட்டி உட்காருவோம், ஓடுவதற்கு வசதியாக. கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் தெரு முடிதிருத்துபவர். அவரை எல்லாரும் அலாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, நேரம் வந்ததும் எழுந்து, கழுத்துத் துணியை மடித்துப் பையில் வைப்பார். உடனே அத்தனை பேரும் எழுந்துவிட வேண்டும். எழுந்த பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருத்தர் திரும்பினால் படிக்கட்டில் பின்னால் வருகிறவர்கள் தேங்குவார்கள், தேங்கினால் ரயில் போய்விடும். அப்படிப் போய் ஒருதடவை எல்லாரும் பிளாட்பாரத்தில் குளிரில் சுருண்டு கிடந்ததிலிருந்து அது சட்டமாகிவிட்டது. நாங்கள் எழும்போது உள்ளூர்க்காரர்கள் கை தட்டிக் கூவுவார்கள். "ரயிலு போச்சு, ரயிலு போச்சு!" அதற்கும் நாங்கள் திரும்பமாட்டோம்.

அன்றைக்கு முதல் பாதி முடிந்தது. தம்பி பெஞ்சில். இரண்டாம் பாதி தொடங்கியது. தம்பி பெஞ்சில். அப்புறம் எழுந்து கோட்டோரமாக ஓட ஆரம்பித்தான். அம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஓடினான், குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி ஓடினான். கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'சீக்கிரம்' என்றவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் சீக்கிரம் என்றால் இதுதானா ஐயா என்று எழுந்து கத்தினேன். எனக்கு முன்னால் இருந்தவர் காதைத் தடவிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் அலாரம் எழுந்தார்.

அவர் எங்களைப் பார்க்காமல் துணியை மடித்தார். கூட்டம் எழுந்தது. அம்மாவும் எழுந்தாள்.

"அம்மா, உக்காரு."

"வா, போலாம்."

"அம்மா, கூப்பிடப் போறாங்க அவனை. அஞ்சே நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல ரயில் போயிடும். காலைல நான் இல்லன்னா யாரு இருக்கா அங்க? உனக்குத் தெரியாதா?"

"ஒருநாள் ஆஸ்பத்திரி பட்டினி கிடந்தா செத்துடமாட்டாங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். கூட்டம் என்னையும் தள்ளிக்கொண்டு போனது. வாசலுக்கு முந்தின படியில் நான் திரும்பிவிட்டேன், சட்டமாவது மண்ணாவது. தம்பி மேல்சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் எறிந்துவிட்டுக் கோட்டில் நின்றான். பக்கத்தில் ஒருவர் ஆள் மாற்றும் எண் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார். தம்பி எங்கள் பக்கம்தான் பார்த்தான். நான் கையை ஆட்டினேன். பின்னால் இருந்து யாரோ "ஏம்மா, நடம்மா!" என்று முதுகில் இடித்தார்கள்.

ஸ்டேஷன் பக்கமிருந்த வாசலைப் பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டியிருந்தார்கள். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்போ! மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். தெருவில் ஓடும்போது ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள். மதிலைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது என்பது அவள் தோள் ஒருதரம் குலுங்கியதில் தெரிந்தது. நடையை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

வரும்போது ஆடி அசைந்து வந்த ரயில் போகும்போது நொடி பிசகாமல் கிளம்பியது. கதவுகள் தாமாக மூடிக்கொண்டன. எனக்கு மூச்சு வாங்கியது, அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. டிக்கெட் பார்க்க வந்த கார்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கால்மணி நேரம் தள்ளி விட்டா உங்க ரயில் தேஞ்சா போயிடும்?"

அவர் சலிப்பாகச் சிரித்தார். "என்கிட்ட சொல்லி என்ன மேடம் பிரயோஜனம்? மேல எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா எங்க போகும்னு எனக்குத் தெரியும். நானும் அந்த வேலைதான் பாக்கறேன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

அப்புறம் ரயில் மெதுவாகியது. இன்னும் மெதுவாகி, திருப்பத்தில், ஒரு குலுக்கலோடு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஸ்டேடியத்தின் பின்பக்கம். அந்த இடைவெளி. வெள்ளை வெளிச்சத்தில் கொஞ்சம் புல், மூலைக்கொடி. 'சரக்கு ரயிலுக்கு வழிவிடுவதற்காக இந்த ரயில் சிறிது நேரம் நிற்கும், சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு குரல் சொன்னது.

பெட்டியே வெடித்தது. "இதுக்கா நாயா ஓடிவந்தோம்?" என்று ஒருவன் கதவை உதைத்தான். கதவு திறக்கவில்லை. "கழுத்தறுக்கறானுங்க, நல்லா கழுத்தறுக்கறானுங்க" என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சரக்குக்கு வழிவிட நேரமிருக்கிறது, எங்களுக்காக நிற்க நேரமில்லை. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன், எழுத முடியாததையும் சொன்னேன். இந்தத் தடவை அம்மா என் கையைக் கிள்ளவில்லை. அலாரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னை அடிங்கடா. நான்தான எழுந்தேன்" என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அம்மா ஜன்னலுக்குப் போயிருந்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து, இரண்டு கைகளாலும் பக்கவாட்டு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். புல் காலியாக இருந்தது. ஆட்டம் மறுபக்கத்தில் நடந்துகொண்டிருந்தது போல, சத்தம் மட்டும் ஏறி இறங்கியது.

"இந்தப் பக்கம்தானே அவன் இருப்பான்? இடது பக்கம்?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம்தான்மா."

அப்போது சரக்கு ரயில் வந்தது. நடுவில், எங்களுக்கும் அந்தப் புல்லுக்கும் நடுவில். பெட்டி, பெட்டி, பெட்டி, முடிவில்லாமல் கரி ஏற்றிய பெட்டிகள். அந்தச் சத்தத்துக்கு மேலாக மைதானத்தின் இரைச்சல் எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. அம்மா கண்ணாடியைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. "போயேன், போயேன், போய்த்தொலையேன்" என்று அவள் முணுமுணுப்பது கேட்டது. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

கடைசிப் பெட்டி கடந்தது. மூலைக்கொடிக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். சிவப்புச் சட்டை. கையில், உள்ளே எறிய வேண்டிய பந்து. அந்தத் தூரத்தில் முதுகில் இருந்த எண் எனக்குத் தெரியவில்லை.

"அவன்தான்" என்றாள் அம்மா.

"எப்படிம்மா சொல்றே?"

"நிக்கறதைப் பாரு. ஸ்கூல் பையை மாட்டறதுக்கு முன்னாடி அப்படித்தான் நிப்பான். இடது தோளை ஒரு தூக்கு தூக்குவான் பாரு, இப்ப."

சிக்னல் பச்சையானது. ரயில் குலுங்கியது. ஜன்னலில் அந்த இடைவெளி ஒரு சாண் நகர்ந்தது. மூலைக்கொடி ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் போனது. நான் "நிறுத்துங்கடா!" என்று கத்தினேன், என் பாட்டுக்கு, வழக்கம் போல. கத்தத்தான் எனக்குத் தெரியும்.

அம்மா கத்தவில்லை. கதவுக்கு மேலே கண்ணாடிக்குள் இருந்த சிவப்புப் பிடியை ஒருதரம் பார்த்தாள். முஷ்டியில் பையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியில் ஒரே இடி. பிடியைப் பற்றிக் கீழே இழுத்தாள். பெரிய பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது இழுப்பாளே, அப்படி, முழு உடம்பாலும். சக்கரங்கள் கீச்சிட்டன. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ரயில் நின்றது.

அலாரம் எழுந்து வந்து ஜன்னலோரம் நின்றார். மற்றவர்களும் வந்தார்கள். அவளுக்கு மட்டும் இடம் விட்டு நின்றார்கள். இரண்டாவது பெட்டியிலிருந்து கார்டு ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது.

"யாரு? யாரு இழுத்தது? விளையாட்டா இது?"

அம்மாவின் ஒரு கை இன்னும் பிடியில் இருந்தது. விரல் முட்டியில் கீறி ரத்தம் வந்திருந்தது. திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினாள்.

"இருப்பா" என்றாள். "இன்னும் எறியல."

கார்டு நின்றுவிட்டார். அங்கே, புல்லின் ஓரத்தில், அவன் பந்தைச் சட்டையில் துடைத்தான். தலைக்குமேல் தூக்கினான். இடது தோள் மெல்ல உயர்ந்தது.